பானெட்டோனே நடுவில் குழி விழுவது ஈஸ்டால் அல்ல

நவம்பர் பிறந்தாலே பேக்கிங் வகுப்பில் இந்தப் புகார் வந்துவிடும்: "பானெட்டோனே ஓவனுக்குள் அழகாக எழும்பியது, வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்துவிட்டது, ஈஸ்ட் சரியில்லையோ?" எழும்பியது என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் ஈஸ்ட் எப்படிக் குற்றவாளியாகும்?

மிலான் நகரத்தின் இந்தக் கிறிஸ்துமஸ் கேக் தொட்டால் பஞ்சு, ஆனால் சுமப்பது ஏராளம். பானெட்டோனே என்ற பெயரில் இத்தாலியில் விற்க வேண்டுமானால், 2005-இல் வந்த அரசாணைப்படி வெண்ணெய்க் கொழுப்பு குறைந்தது 16 சதவீதம், உலர் திராட்சையும் சர்க்கரைப் பாகில் பதப்படுத்திய பழத்தோலும் 20 சதவீதம், முட்டை மஞ்சள் கரு 4 சதவீதம் இருக்க வேண்டும். அத்தனையையும் தாங்குவது குளூட்டன் வலை, அதாவது மாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையும்போது பின்னுகிற வலை. அதனால் ஈஸ்ட் வாங்கும் முன் மாவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், 100 கிராமுக்குப் புரதம் 12, 13 கிராமாவது வேண்டும். பிஸ்கட்டுக்கு எடுக்கிற மைதா இதற்கு ஆகாது.

வெண்ணெயை ஆரம்பத்திலேயே போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டால் வலை பின்னவே பின்னாது. மாவு, தண்ணீர், ஈஸ்ட், பாதி மஞ்சள் கரு, பாதி சர்க்கரை, இவற்றை மட்டும் முதலில் பிசைந்து, ஒரு துண்டைக் கிள்ளி இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற மாதிரி மெல்லிய சவ்வாக விரியும்வரை காத்திருங்கள். பிறகு மீதிக் கருவும் சர்க்கரையும், கடைசியாக வெண்ணெய், அதுவும் ஒவ்வொரு கரண்டியாக. சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டினால் அது ஈஸ்டுக்குச் சேர வேண்டிய நீரை இழுத்துக்கொள்ளும், மாவு மணிக்கணக்கில் அசையாது.

சமையலறை சூட்டோடு மிக்சர் சுற்றுகிற சூடும் சேரும். மாவு 26 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 30-ஐ நெருங்கினால் வெண்ணெய் உருகி ஓரமெல்லாம் எண்ணெய் கசியும், வலையும் தளரும். மாவு, முட்டை, பாத்திரம் எல்லாவற்றையும் முதலிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். விலை உயர்ந்த மோல்டைவிட ஒரு குச்சித் தெர்மாமீட்டர் வாங்குவது புத்திசாலித்தனம்.

அதே தெர்மாமீட்டர் ஓவனிலும் தேவை. 165 டிகிரியில் ஒரு கிலோ பானெட்டோனேவுக்கு 50 நிமிடத்துக்கு மேல் ஆகும், ஆனால் நடுப்பகுதி 93, 94 டிகிரி தொட்டால்தான் வெந்ததாகக் கணக்கு. மேல்தோல் கருத்துவிட்டதே என்று பயந்து பலர் முன்னாடியே எடுத்துவிடுகிறார்கள். தாள் போட்டு மூடுங்கள், எடுக்காதீர்கள். உள்ளே அரைவேக்காடாக நிற்பது முட்டைக் கரு கலந்த மாவு, வயிற்றுக்கும் நல்லதில்லை.

எடுத்த உடனே, சூடாக இருக்கும்போதே, அடிப்பக்கம் இரண்டு நீளக் கம்பிகளைக் குறுக்கே குத்தித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், ராத்திரி முழுக்க. இது அலங்காரம் இல்லை: சூட்டில் இளகியிருக்கும் வெண்ணெயும் மாவும் இறுகும்வரை நிமிர்த்தி வைத்தால் தன் எடையிலேயே அமுங்கும். மொத்தமாக ஆறிய பிறகுதான் கவரில் போட வேண்டும், வெதுவெதுப்பாகக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

சரி, "மூன்றே மணி நேரத்தில் பானெட்டோனே" வீடியோக்கள்? ஈஸ்டை இரட்டிப்பாக்கிச் செய்வது. இரண்டு நாள் எடுக்கிற புளித்த மாவின் மணம் அதில் வராது, மறுநாளே காய்ந்தும் போகும். திராட்சை போட்ட பன் என்று சாப்பிட்டுக்கொள்ளலாம்.