இ20 பெட்ரோல்: விதி என்ன, இழப்பு எவ்வளவு, அந்தச் செலவு யாருடையது?

இந்தியாவில் இன்று ஒரு சாதாரண பெட்ரோல் பங்க்கில் நிரப்பப்படும் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 200 மில்லி எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் என்பது கரும்புச் சாறு, சர்க்கரைப் பாகுக் கழிவு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் போன்றவற்றைப் புளிக்கவைத்து வடித்தெடுக்கப்படும் எரிசாராயம். பத்து விழுக்காடு கலந்த பெட்ரோலை இ10 என்றும், இருபது விழுக்காடு கலந்ததை இ20 என்றும், எதுவும் கலக்காததை இ0 என்றும் குறிப்பிடுகிறார்கள். வாகனம் வைத்திருக்கும் எவரும் இதற்காக விண்ணப்பிக்கவில்லை, ஒப்புதல் அளிக்கவும் இல்லை. ஆயினும் நாட்டின் மிகப் பெரும்பாலான வாகன உரிமையாளர்கள் இத்திட்டத்தின் பயனாளிகளாகவோ செலவைச் சுமப்பவர்களாகவோ ஆகியிருக்கிறார்கள். ஆகவே இதன் கணக்கை அறிந்துகொள்வது அவர்களுடைய உரிமை.

எத்தனால் கலப்புத் திட்டம் 2003 ஜனவரியில் ஒன்பது மாநிலங்களிலும் நான்கு யூனியன் பிரதேசங்களிலும் ஐந்து விழுக்காட்டுக் கலப்புடன் தொடங்கியது. பத்தாண்டுகள் கழிந்த பின்னும், 2013-14இல் நாடு தழுவிய சராசரிக் கலப்பு 1.53 விழுக்காடு மட்டுமே. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் இருபது விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று வகுத்தது. 2022இல் அக்கொள்கை திருத்தப்பட்டு, இலக்கு 2025-26க்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. 2022 ஜூனில் பத்து விழுக்காடு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் இ20 விற்பனையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 2025இல் இருபது விழுக்காடு எட்டப்பட்டுவிட்டது. ஐந்தாண்டு முன்னதாக இலக்கை அடைந்தது நிர்வாகச் சாதனைதான். ஆனால் 2030ஐ மனத்தில் வைத்து மெதுவாக மாறியிருக்க வேண்டிய வாகனங்கள் அந்த வேகத்தில் மாறவில்லை. குறைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

திட்டத்தின் நோக்கத்தில் குறை காண இடமில்லை. தன் கச்சா எண்ணெய்த் தேவையில் பெரும் பகுதியை இறக்குமதி செய்யும் நாடு, அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சொந்த விவசாயிகளிடம் செலவழிக்க நினைப்பது நியாயமே. 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமாகியிருப்பதாகப் பெட்ரோலிய அமைச்சகம் கூறுகிறது. புகையில் கார்பன் மோனாக்சைடு குறைகிறது என்பதும் சோதனைகளில் தெரியவந்துள்ளது. நைட்ரஜன் ஆக்சைடுகளில் அப்படித் தெளிவான குறைவு தெரியவில்லை.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் ஏறத்தாழ 21 மெகாஜூல்தான், அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டரின் மொத்த ஆற்றல் 29.8 மெகாஜூலாக இறங்குகிறது. கலப்பில்லாத பெட்ரோலுடன் ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. முன்பிருந்த இ10 உடன் ஒப்பிட்டால் மூன்றரை விழுக்காடு குறைவு. எந்தத் தொழில்நுட்பமும் லிட்டருக்குள் இல்லாத ஆற்றலைக் கொண்டுவர முடியாது. இருக்கும் ஆற்றலை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்பதில்தான் ஒரு எஞ்சினுக்கும் மற்றோர் எஞ்சினுக்கும் வேறுபாடு.

2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்புக்கான திட்ட வரைவு இதை மறைக்கவில்லை. இ0க்காக வடிவமைக்கப்பட்டு இ10க்காகச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனத்தில் இ20 நிரப்பினால் 6 முதல் 7 விழுக்காடும், அதே வகை இரு சக்கர வாகனத்தில் 3 முதல் 4 விழுக்காடும், இ10க்காக வடிவமைக்கப்பட்டு இ20க்காகச் சீரமைக்கப்பட்ட காரில் 1 முதல் 2 விழுக்காடும் எரிபொருள் திறன் குறையும் என்று அதில் மதிப்பிடப்பட்டுள்ளது. 2025 ஆகஸ்ட்டில் அமைச்சகம் தந்த விளக்கத்தில் இந்த எண்கள் 1 முதல் 2, பிற வாகனங்களில் 3 முதல் 6 என்று இடம்பெற்றன. மைலேஜ் இருபது, முப்பது விழுக்காடு விழுந்துவிட்டது என்று பலர் சொல்வதற்கு எத்தனால் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த அளவுக்கு இழப்பு தெரிந்தால், ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், டயர் காற்று என வேறு ஏதோ ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆறு விழுக்காடு என்பது காதில் விழும்போது சிறிதாகத்தான் இருக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துவந்த பழைய கார் ஒன்றை ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு முன்பு 800 லிட்டர் போதுமானதாக இருந்தது. மைலேஜ் 14.1 ஆகக் குறைந்தால் 851 லிட்டர் தேவைப்படும். லிட்டர் 101 ரூபாய் என்று கொண்டால், கூடுதல் செலவு ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். உணவு விநியோக வேலைக்காக ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் வண்டி ஓட்டும் இளைஞர் ஒருவரின் பைக், 50 கிலோமீட்டரிலிருந்து 48க்கு இறங்கினால் அவருக்கு 25 லிட்டர், அதாவது ஏறத்தாழ 2,500 ரூபாய் கூடுதலாகும். அன்றாட வருமானத்திலிருந்து பெட்ரோல் போடுபவருக்கு இது கணக்கில் கொள்ளத்தக்க தொகை.

விலை ஏன் குறையவில்லை?

ஆற்றல் குறைவான எரிபொருளுக்கு விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பது வாகன ஓட்டிகள் மட்டும் எழுப்பும் கோரிக்கை அன்று. எத்தனால் கலந்த எரிபொருளின் சில்லறை விலை, ஆற்றல் இழப்பை ஈடுசெய்யும் வகையில் சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், அதற்காக வரிச் சலுகையைப் பரிசீலிக்கலாம் என்றும் நிதி ஆயோக்கின் அதே வரைவு கூறியிருந்தது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை.

அமைச்சகத்தின் பதில் இது: வரைவு எழுதப்பட்ட காலத்தில் எத்தனால் பெட்ரோலைவிட மலிவாக இருந்தது, இப்போது அப்படியில்லை. கரும்பாலைகளின் சி வகைப் பாகுக் கழிவிலிருந்து (சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் கடைசியில் மிஞ்சும் பாகு) பெறும் எத்தனாலின் கொள்முதல் விலை 2021-22இல் லிட்டருக்கு 46.66 ரூபாயாக இருந்து 2024-25இல் 57.97 ரூபாயாகவும், மக்காச்சோள எத்தனாலின் விலை 52.92 ரூபாயிலிருந்து 71.86 ரூபாயாகவும் உயர்ந்துள்ளன. போக்குவரத்தும் ஜிஎஸ்டியும் சேர்த்து, 2025 ஜூலை இறுதியில் சராசரி விலை 71.32 ரூபாய். இது அப்போது சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளிவந்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம்.

இந்த எண்களை நான் மறுக்கவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் ஏன் விலையைக் குறைக்கவில்லை என்பதற்கு அவை விளக்கமாகின்றன. ஆனால் அதே எண்கள் மற்றொன்றையும் காட்டுகின்றன: ஆற்றல் குறைந்த பொருளை அதிக விலை கொடுத்து வாங்கிக் கலக்கிறோம், அந்த இழப்பு வாகன உரிமையாளரின் மேல் விழுகிறது. அந்நியச் செலாவணி மிச்சமும் விவசாயி வருமானமும் நாட்டின் பொது நலன் என்றால், அதற்கான செலவும் பொதுக் கருவூலத்திலிருந்து, அதாவது எரிபொருள் வரியில் ஒரு சிறு குறைப்பாக, வர வேண்டும் என்பதே என் கருத்து. பிரேசிலில் தூய எத்தனாலும் எத்தனால் கலந்த பெட்ரோலும் ஒரே பங்க்கில் தனித்தனிக் குழாய்களில் கிடைக்கின்றன. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் அதை நிரப்புவது லாபம் என்று அங்கே ஓட்டுநர்கள் கணக்கிட்டு முடிவு செய்கிறார்கள். விலை பிரிந்து தெரிவதால்தான் அந்தக் கணக்குச் சாத்தியமாகிறது.

இங்கும் கலப்பில்லாத பெட்ரோல் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 100 ஆக்டேன் (எஞ்சினுக்குள் முன்கூட்டியே வெடிக்காமல் எரியும் தன்மையின் அளவு) கொண்ட உயர்வகைப் பெட்ரோலில் எத்தனால் கலப்பதில்லை. ஆனால் அது 2025இல் பெருநகரங்களின் சில பங்க்குகளில் மட்டுமே, லிட்டர் 160 ரூபாய் அளவிலான விலைக்குக் கிடைத்தது. ஆறு விழுக்காடு இழப்பைத் தவிர்க்க அறுபது விழுக்காடு அதிகம் கொடுப்பதை மாற்றுவழி என்று அழைக்க இயலாது.

எத்தனால் எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்பதிலும் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. 2024-25இல் இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பிலிருந்து எத்தனால் ஆலைகளுக்கு 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கப்பட்டது. விலை குவிண்டாலுக்கு 2,250 ரூபாய். அந்த ஆண்டு சாதாரண ரக நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். ஒரு குவிண்டால் நெல்லை அரைத்தால் கிடைப்பது ஏறத்தாழ 67 கிலோ அரிசி. அரைவைக் கூலி, சாக்கு, வண்டி வாடகை, கிடங்கு எதையும் சேர்க்காமலே, நெல் வாங்கிய விலையைவிடக் குறைவாக அரிசி எத்தனால் ஆலைக்குப் போயிருக்கிறது. மக்காச்சோளமோ கோழித் தீவனத்தின் முதன்மைப் பொருள். எத்தனால் ஆலைகளின் தேவை கூடியபின் அதன் விலை ஏறியது நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனச் செலவையும் தொட்டது. கரும்பைப் பொறுத்தவரை, ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என்று நிதி ஆயோக்கின் வரைவே கணக்கிட்டுள்ளது. பருவமழை பொய்த்த 2023ஆம் ஆண்டின் டிசம்பரில், சர்க்கரைத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதை அரசே கட்டுப்படுத்த நேர்ந்தது.

பழைய வண்டியில் என்ன நடக்கிறது?

எத்தனால் ஒரு கரைப்பான். பழைய ரப்பர் குழாய்கள், ஓ-ரிங்குகள், கேஸ்கெட்டுகள் ஆகியவை அதில் ஊறினால் உப்பிப் பின்னர் வெடிப்பு விடக்கூடும்; டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு கரைந்து ஃபில்டரில் வந்து அடைக்கும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதை எரிக்கக் குறைந்த காற்றே போதும். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனையான பைக்குகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் (எரிபொருளை மின்னணு முறையில் அளந்து பீச்சும் அமைப்பு) இருப்பதால், சென்சார் இதை உணர்ந்து எரிபொருளைச் சற்று அதிகம் செலுத்திச் சரிசெய்துகொள்ளும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் என்ற பழைய கருவி உள்ள வண்டிக்கு அந்த அறிவு இல்லை. அதிலுள்ள ஜெட் என்ற சிறு துளை எந்த அளவோ அதே அளவு எரிபொருள்தான் இறங்கும். அதனால் கலவை மெலிந்து, காலையில் சோக் போட்டும் வண்டி தயங்கும், எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகும். பழைய வாகனங்களில் சில ரப்பர் பாகங்களை 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் மாற்ற வேண்டிவரலாம், ஆனால் அது மலிவான, வழக்கமான சர்வீஸில் முடியும் வேலை என்று அமைச்சகம் கூறியுள்ளது. மலிவுதான், ஆயினும் அந்தச் செலவும் உரிமையாளருடையதே.

இதைவிடக் கவனிக்க வேண்டியது நீர். பெட்ரோலும் நீரும் கலப்பதில்லை; எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். சிறிதளவு நீர் வரை தொல்லையில்லை. அளவு மீறும்போது எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற ஸ்கூட்டரின் கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால், மேலே பெட்ரோலும் அடியில் கலங்கிய மற்றொரு திரவமுமாக இரண்டு அடுக்குகள் தெரியலாம். எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியிலிருந்தே உறிஞ்சுகிறது என்பதுதான் தொல்லை. வடகிழக்குப் பருவமழையில் பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் மழைநீர் கசிந்தாலும் இதே நிலைதான். முன்பு நீர் தனியாக அடியில் நின்றது, இப்போது அது எத்தனாலையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது.

சட்ட நிலை சுருக்கமானது. எந்தக் கலப்புக்கு வாகனம் ஏற்றது என்பதை உற்பத்தியாளர் வரையறுத்து, தெளிவாகத் தெரியும் ஒட்டுவில்லையை வாகனத்தில் ஒட்ட வேண்டும் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 மார்ச்சில் அறிவிக்கை வெளியிட்டது. பங்க்கில் அப்படிப்பட்ட தெளிவான அறிவிப்பு வேண்டும், இ0 பெட்ரோலும் தேர்வாகக் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. இ20 பயன்படுத்துவதால் வாகனக் காப்பீடு செல்லாமல் போகாது என்று பெட்ரோலிய அமைச்சகம் விளக்கியுள்ளது.

2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வாகனம் என்றால், அதன் பாகங்கள் இ20ஐத் தாங்கும் வகையைச் சேர்ந்தவையாக இருக்கும். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ உரிமையாளர் கையேட்டிலோ அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய வாகனமாயின், அடுத்த சர்வீஸில் எரிபொருள் குழாய்களையும் ஃபில்டரையும் பார்க்கச் சொல்வது நல்லது. கார்புரேட்டர் வண்டியானால் ஜெட்டையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் டேங்கை நிறைத்து வைத்துவிட்டுப் போவது, காலி இடத்தில் ஈரக்காற்று சேர்வதைக் குறைக்கும். பெட்ரோல் போட்ட சிறிது தூரத்திலேயே வண்டி திக்கி நின்றால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் டேங்கிலிருந்து சிறிது எரிபொருளைத் தெளிவான குப்பியில் எடுத்து மெக்கானிக் முன்னிலையில் பார்க்க வேண்டும். இரண்டு அடுக்குத் தெரிந்தால், அந்தக் குப்பியின் படத்தோடும் பெட்ரோல் போட்ட பில்லோடும் பங்க்கில் புகார் எழுதிக் கொடுத்து, அதே நாளில் எண்ணெய் நிறுவனத்துக்கும் தெரிவிக்கலாம். பில் இல்லாத புகாரை நிரூபிப்பது கடினம். ஆகவே மழைக்காலத்திலாவது ஒவ்வொரு முறையும் பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.