இருட்டில் பிறக்கும் சிவப்பு

கிறிஸ்துமஸ் சமயத்தில் தாவரவியல் பூங்காவின் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தால், முதலில் கண்ணில் படுவது சிவப்புதான். படிபடியாக அடுக்கிய தொட்டிகள் நிறைய பாயின்செட்டியா. வருகிறவர்கள் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு செடியின் மேல் குனிந்து, சிவப்பின் நடுவே பாருங்கள். பச்சையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் கொத்தாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உதடு போல ஒரு மஞ்சள் சுரப்பி. சில சமயம் அதில் தேன்துளி பளபளக்கும். பூக்கள் அந்தக் கிண்ணத்துக்குள்தான் இருக்கின்றன. நாம் இதழ் என்று நினைப்பவை எல்லாம் இலைகள். பூவடிச் செதில்கள் என்பார்கள்.

செடி இப்படிக் குட்டையாக, புதர் போல அடர்ந்திருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரின் தொற்றால்தான் இவ்வளவு கிளைகள் விடுகின்றன. 1997-ல் இது தெரியவந்தபோது பலருக்கும் வியப்பு. தாய்மண்ணான மெக்சிகோவில் தானாக வளரும் செடி, ஆளை விட உயரமாக, ஒல்லியாக நிற்கும்.

சரி, பச்சை இலை எப்படி டிசம்பருக்குள் சிவக்கிறது? குளிர்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைச் செய்வது இருட்டு. பூப்பதும் பகலின் நீளமும் தொடர்புடையவை என்று 1920-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கார்னரும் அல்லார்டும் எழுதினார்கள். பகல் குறுகும்போது பூக்கும் இந்த வகைக்குக் குறும்பகல் தாவரம் என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் செடி கணக்கிடுவது பகலை அல்ல, இடைவிடாத இரவை என்பது பிறகுதான் புரிந்தது.

இலைகளில் ஃபைட்டோகுரோம் என்றொரு புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறும். இந்தச் செடியில் அந்த வடிவம் பூப்பதைத் தடுக்கும். இருட்டில் அது மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். செடியின் உள்கடிகாரமும் சேர்ந்து கணக்குப் பார்க்க, இரவு போதுமான அளவு நீண்டால் தடை விலகுகிறது. நுனியில் மொட்டு கட்டுகிறது. அதைச் சுற்றி வரும் இலைகளில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி சேர்கிறது. நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலும் போதும், அன்றைய கணக்கு கெட்டுவிடும்.

அதனால்தான் இதை வளர்ப்பவர்கள் மாலை 5 மணிக்குக் கறுப்புத் துணியால் மூடி, மறுநாள் காலை 8 மணிக்கு எடுப்பார்கள். 8 முதல் 10 வாரம், ஒரு நாள் விடாமல் இந்த வேலை நடக்கும். பசுமைக்குடிலுக்கு வெளியே தெருவிளக்கு இருந்தால், அந்தப் பக்கத்துச் செடிகள் மட்டும் சிவக்காமல் பச்சையாகவே நிற்கும். எனக்கு இந்த உழைப்பின் மேல் தனி மரியாதை உண்டு.

நிறம் முழுதாக ஏறியபின் இருட்டு தேவையில்லை. கண்காட்சிக் கூடத்தில் இரவெல்லாம் வண்ண விளக்குகள் எரிந்தாலும் அந்தச் சிவப்பு மாறாதது அதனால்தான்.