ஹோமை மாற்றுவது வெறும் காப்பி வேலை இல்லை

போன சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஒரு ஃபோன். "சார், சர்வர்ல யாராலயும் லாகின் பண்ண முடியல." நான் கேட்ட முதல் கேள்வி, "ஹோமை வேற டிஸ்குக்கு மாத்தினீங்களா?" "ஆமா சார், ரூட் பார்ட்டிஷன் ஃபுல் ஆயிருச்சு, அதான்..." ஹோம் என்பது லினக்ஸ் சர்வரில் பயனர்களின் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர்; ரூட் பார்ட்டிஷன் என்பது சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி. இந்த ஆண்டில் இது நான்காவது தடவை. நான்கிலும் ஒரே தவறு.

புது டிஸ்க் போட்டிருக்கிறார்கள். ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனராக இருந்துகொண்டு ‘சிபி -ஆர்’ என்ற காப்பி கமாண்டைக் கொடுத்து எல்லாவற்றையும் அதில் காப்பி எடுத்திருக்கிறார்கள். அளவு சரியாக இருக்கிறது, ஃபைல்களைத் திறந்தால் உள்ளே எல்லாம் இருக்கிறது. "எல்லா ஃபைலும் வந்துருச்சு, அப்புறம் என்ன?" என்று பழையதை அன்றே அழித்துவிட்டார்கள்.

இந்த "எல்லாம் வந்துவிட்டது" என்ற நினைப்புதான் என்னை மிகவும் சோதிக்கிறது. ஃபைல் என்பது உள்ளே இருக்கும் எழுத்து மட்டும் இல்லை. அது யாருடையது, எந்தக் குழுவுக்குச் சொந்தம், யார் படிக்கலாம், யார் எழுதலாம், கடைசியாக எப்போது மாறியது என்பதெல்லாம் அதனோடு சேர்ந்தவை. ரூட் ‘சிபி -ஆர்’ கொடுத்தால் புதிதாக உருவாகும் ஒவ்வொரு ஃபைலும் ரூட்டுக்கே சொந்தமாகிவிடும். தேதியெல்லாம் இன்றைய தேதி ஆகிவிடும். ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இரண்டு மூன்று பெயர்) வைத்திருந்தால் ஒரே ஃபைல் இரண்டு மூன்று தனி ஃபைல்களாகப் பெருகும். உள்ளடக்கம் ஒரு பைட் கூடக் குறையவில்லை, ஆனால் வீட்டுக்காரருக்குத் தன் வீட்டுக்குள்ளேயே நுழைய அனுமதி இல்லை. இன்னும் சிலர் ஒவ்வொரு பயனரின் ஃபோல்டருக்குள்ளும் போய் எல்லாப் பெயர்களுக்கும் பதிலாக ஸ்டார் குறி (*) போட்டு காப்பி எடுக்கிறார்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் அந்த ஸ்டாரில் சிக்காது. பாஷ் ஷெல்லின் அமைப்புகள், தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள், பிரவுசர் புரொஃபைல் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து வருவது இதைவிட மோசம். பெர்மிஷன் பிழை என்றதும் ஹோம் முழுக்க 777, அதாவது யாரும் எதையும் செய்யலாம் என்ற அனுமதியைப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஹோம் ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தால், எஸ்எஸ்எச் சர்வர் அங்கே இருக்கும் சாவியை நம்பாது. அதன் இயல்பான அமைப்பே அப்படித்தான். தனிச் சாவியை எல்லோரும் படிக்கலாம் என்றிருந்தால் எஸ்எஸ்எச் கிளையண்டும் அதைத் தொடாது. எது 600, எது 644, எது 700 என்று ஒவ்வொன்றுக்கும் இருந்த அனுமதிக் கணக்கும் ஒரே கமாண்டில் போய்விடும். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பேக்கப். புதுப் பார்ட்டிஷன் இஎக்ஸ்டி4 அல்லது எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமாக இருக்கட்டும். வெளி டிஸ்கில் வரும் எக்ஸ்ஃபேட்டுக்கு உரிமையாளர் என்றால் என்னவென்றே தெரியாது. புதுப் பார்ட்டிஷனைத் தற்காலிகமாக வேறோர் ஃபோல்டரில் மவுண்ட் செய்து (இணைத்து), ஆர்சிங்க் என்ற காப்பி கருவியை ஓட்டுங்கள். அதன் விருப்பங்களில் சின்ன ஏ-யோடு நிறுத்தாதீர்கள், பெரிய எழுத்தில் எச் (ஹார்டு லிங்க்), ஏ (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எக்ஸ் (கூடுதல் பண்புகள்) மூன்றையும் சேருங்கள். மூலப் பாதையின் கடைசி ஸ்லாஷைப் போட மறந்தால் ஹோமுக்குள் இன்னொரு ஹோம் முளைக்கும்.

முதல் ஓட்டத்தை ஆட்கள் வேலை செய்யும்போதே நடத்தலாம். இரண்டாவது ஓட்டத்துக்கு எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். நேரம் குறித்துத் தானாக ஓடும் கிரான் வேலைகளை நிறுத்துங்கள், திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் போட்டு யாரும் எதையும் திறந்து வைத்திருக்கவில்லை என்று பாருங்கள். நீங்களும் உங்கள் ஹோமுக்குள் உட்கார்ந்து ரூட் அதிகாரம் தரும் சூடோ போடாமல், கன்சோலில் நேரடியாக ரூட்டாக நுழையுங்கள். அப்புறம் இரண்டாவது ஆர்சிங்க், இந்த முறை டெலீட் விருப்பத்தோடு. இடையில் அழிக்கப்பட்டவை புது இடத்திலும் அழிய வேண்டும்.

இப்போது பழைய ஹோமின் பெயரை மாற்றிவிட்டு, அதே இடத்தில் காலி ஹோம் ஒன்றை உருவாக்கி, அதன் மேல் மவுண்ட் செய்யுங்கள். பெயர் மாற்றாமல் மேலேயே மவுண்ட் செய்தால் பழையதெல்லாம் அடியில் மறைந்து கிடக்கும். "மாத்தின பிறகும் ரூட் பார்ட்டிஷன் ஃபுல்லாவே இருக்கு" என்று ஃபோன் வருவது இதனால்தான்.

பூட்டில் எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிஸ்க் பெயரை எஸ்டிபி1 என்று எழுதாதீர்கள். டிஸ்க் பெயர்கள் அடுத்த பூட்டில் மாறலாம். பிஎல்கேஐடி கமாண்ட் காட்டும் யுயுஐடியை, அதாவது அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்ணை எழுதுங்கள். எழுதியதும் அந்த ஃபைலில் உள்ளதை மவுண்ட் செய்யும் ‘மவுண்ட் -ஏ’ கொடுத்துப் பாருங்கள், பிழை இல்லையென்றால் மட்டும் ரீபூட். யுயுஐடியில் ஓர் எழுத்து பிசகினாலும் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். அந்த நேரத்தில் கன்சோல் முன் ஆள் வேண்டும். ரெட்ஹாட், ஃபெடோரா வகையென்றால் எஸ்ஈலினக்ஸ் பாதுகாப்பு லேபிள்களைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கானை ஹோமின் மேல் ஓட்டிவிடுங்கள். பயனர்களுக்கு கோட்டா (இட வரம்பு) வைத்திருந்தால் புதுப் பார்ட்டிஷனில் மறுபடி அமைக்க வேண்டும்.

பெயர் மாற்றி வைத்த பழைய ஹோமை ஒரு வாரமாவது தொடாதீர்கள். சனிக்கிழமை ஃபோன் செய்தவரிடம் அது இல்லை. ஃபோல்டர் பெயர்களைப் பார்த்து, யாருடையது எது என்று ஊகித்து, இருபத்திரண்டு பேருக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தோம். பொதுவாக வேலை பார்த்த புராஜெக்ட் ஃபோல்டரில் எந்த ஃபைல் யாருடையது, எது எப்போது கடைசியாக மாறியது என்பதை மட்டும் மீட்க முடியவில்லை. அவர்கள் இன்னும் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.