என் வகுப்பில் பேசிய ஐந்து பேர்

மணி அடித்ததும், நான் பாடம் நடத்துவதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த சக ஆசிரியை எழுந்து வந்து என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். வகுப்பில் மேசைகள் கிடக்கும் வரிசையை அப்படியே கட்டம் கட்டமாக வரைந்திருந்தார். மொத்தம் 26 கட்டங்கள். ஒரு பிள்ளை தனியாகப் பதில் சொன்ன ஒவ்வொரு முறையும் அதன் கட்டத்தில் ஒரு கோடு. எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 31 கோடுகள். அதில் 23 ஐந்தே கட்டங்களுக்குள் இருந்தன. பதினான்கு கட்டங்களில் ஒரு கோடுகூட இல்லை.

அன்று நான்காம் ஆண்டு வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தினேன். பாடம் நன்றாகப் போனது என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பு கலகலப்பாக இருந்தது, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது, “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது டீச்சர்” என்று கூரை அதிர்ந்தது. பதில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் நான் பார்க்கவே இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக!

தாளின் அடியில் இன்னொரு குறிப்பும் இருந்தது. சன்னலோரம் உட்காரும் பையன் 1/2 + 1/3 என்ற கணக்கை மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்று எழுதியிருக்கிறான். வேறொருவன் சொன்ன 5/6ஐ நான் வெண்பலகையில் எழுதியதும் தன் விடையை அழித்துவிட்டு அதைப் பார்த்து எழுதிக்கொண்டான். அன்று மாலை அவன் பயிற்சிப் புத்தகம் என் மேசைக்கு வந்தது. 5/6க்குப் பெரிய சரி போட்டு, ‘நன்று’ என்றும் எழுதப் பேனாவை எடுத்தேன். அந்தத் தாள் மட்டும் இல்லையென்றால் எழுதியிருப்பேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் புறநகர்க் குடியிருப்புகளான தாமான்களிலிருந்தும் பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். என் அம்மா இதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். எங்கள் ஆசிரியர் அறையில் ‘பென்செராபான்’ (வகுப்பைப் பார்வையிடுதல்) என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மா சொன்ன மண்டோர் (தோட்டக் கண்காணி) கதைகள்தான் நினைவுக்கு வரும். மண்டோர் மர நிரைக்குள் வருகிறார் என்றாலே கத்தி பிடித்த கை நடுங்குமாம். பட்டை தடிப்பாகச் சீவப்பட்டதா, மரத்தில் காயம் பட்டதா என்று பார்ப்பார்; பார்த்துப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ஆனால் அம்மா வெட்டுக் கற்றுக்கொண்டது மண்டோரிடம் இல்லை. பக்கத்து லயத்து அக்கா ஒருவரின் பின்னாலேயே வாரக்கணக்கில் நடந்து, அவர் கத்தியைச் சாய்க்கும் விதத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இரண்டுமே பார்ப்பதுதான். நம் பள்ளிகளில் முதல் வகைப் பார்வை மட்டும் வேரூன்றிவிட்டது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2017இல் புழக்கத்துக்கு வந்த, பள்ளிகளின் தரத்தை அளக்கும் எஸ்.கே.பி.எம்.ஜி. 2 தரநிலையில் நான்காவது பிரிவு கற்றல் கற்பித்தலுக்கு உரியது. ஆசிரியர் திட்டமிடுபவர், கட்டுப்படுத்துபவர், வழிகாட்டுபவர், ஊக்குவிப்பவர், மதிப்பிடுபவர் என்று ஐந்து கூறுகள் ஆசிரியருக்கு. ஆறாவது கூறு மட்டும் மாணவருக்கு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. தலைமையாசிரியரோ மாவட்டக் கல்வி அலுவலக (பி.பி.டி.) அதிகாரியோ அந்தப் படிவத்தோடு வந்து உட்கார்ந்தால் நாம் என்ன செய்வோம் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் நாளே ஒத்திகை நடக்கும். வண்ண அட்டைகள் வெட்டப்படும். வழக்கமாகக் கையே தூக்காத பிள்ளைக்கு ஒரு பதில் மனப்பாடம் செய்து கொடுக்கப்படும். (நானும் கொடுத்திருக்கிறேன்.) அந்தப் படிவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஆசிரியரை அளக்கும் கோல். சன்னலோரப் பையனின் ரப்பர் எதை அழித்தது என்று அது காட்டாது.

சக ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கல்வி அமைச்சு 2011 முதல் பி.எல்.சி. (தொழில்சார் கற்றல் சமூகம்) என்ற பெயரில் இதைப் பள்ளிகளுக்குச் சொல்லிவருகிறது. சேர்ந்து பாட ஆய்வு செய்வது, சக ஆசிரியர் வழிகாட்டல், வகுப்புகளைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. பாட ஆய்வு ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே ‘ஜுக்யோ கென்க்யூ’ என்பார்கள். மெய்ஜி காலத்திலிருந்தே வேர்விட்ட பழக்கம். சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார்; மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று குறிப்பார்கள்; பிறகு கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். பாடம் எல்லாருடையது என்பதால் குறையும் எல்லாருடையது. நடத்தியவர் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை.

நம் பக்கம் வந்ததும் இது என்ன ஆனது? கோப்பு ஆனது. ஆண்டு இறுதியில் படம் எடுத்து, அறிக்கை எழுதி, கையொப்பம் வாங்கி அலமாரியில் வைக்கிறோம். நான் முன்பு வேலை செய்த ஒரு பள்ளியில், சக ஆசிரியை என் வகுப்பைப் பார்த்து எழுதிய குறிப்பு நிர்வாகத்தின் கைக்குப் போய், கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. எழுதியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் மேல் தவறில்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் யாருக்கும் உண்மை எழுதவில்லை. எல்லாருக்கும் எல்லாரும் ‘மிகச் சிறப்பு’.

அதனால் இப்போது எங்களுக்குள் முதல் கட்டுப்பாடு இதுதான்: தாள் பாடம் நடத்தியவருடையது. பார்த்தவர் பிரதி வைத்துக்கொள்வதில்லை, படமெடுத்து வாட்சாப்பில் போடுவதும் இல்லை. கோப்புக்கு வேண்டுமென்றால் தேதியும் வகுப்பும் போதும். தலைமையாசிரியர் இதற்கு ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது.

என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பாடம் நடத்துபவரே முதல் நாள் சொல்லிவிடுவார். “என் வகுப்பைப் பாருங்க” என்றால் ஒன்றும் நடக்காது. பார்ப்பவரின் கண் சுவரில் ஒட்டிய அட்டைக்கும் ஆசிரியரின் குரலுக்கும் அலையும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். யார் பேசுகிறார்கள்? குழுவேலையில் பென்சில் யார் கையில் இருக்கிறது? நான் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி பொறுக்கிறேன்?

இந்தக் கடைசிக் கேள்வியைத் தமிழாசிரியர் ஒருவர் தன் வகுப்புக்காக என்னிடம் கேட்டார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் பார்த்த விஷயம் இது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள்; அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் வாய் திறந்தார்கள். கைக்கடிகாரத்தோடு நான் பின்னால் உட்கார்ந்தேன். மூன்று நொடி என்பது கேட்கத்தான் சின்னது. வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு அது ஒரு யுகம். அவர் இரண்டாவது நொடியிலேயே தானே பதில் சொல்லிவிடுவார். எண்ணிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பாடவேளையில் என் வகுப்பில் நானும் அதையே செய்தபோது சிரிப்பு போய்விட்டது.

அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பார்க்கப்படுபவரைவிடப் பார்ப்பவருக்கே லாபம் அதிகம். சக ஆசிரியர் வழிகாட்டலை 1980களில் பரப்பிய புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் பிற்பாடு இதே இடத்துக்குத்தான் வந்தார்கள். கருத்துச் சொல்லும் பகுதியைக் கைவிட்டார்கள். அது மெல்ல மெல்ல மேலதிகாரியின் மதிப்பீடாக மாறிவிடுகிறது என்று கண்டார்கள். பாடம் நடத்துபவரே வழிகாட்டி, பார்ப்பவரே கற்றுக்கொள்பவர் என்று பெயர்களை இடம் மாற்றினார்கள். அம்மாவும் அந்த அக்காவும் நிரைக்குள் செய்தது இதுதான்.

நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, பேசத்தான் செய்கிறோம். ஆனால் அன்றைக்கே, கேண்டீனில், பத்து நிமிடம். பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். “நல்லா இருந்துச்சு டீச்சர்” என்பதற்கும் தடை, “நீங்க இப்படிச் செஞ்சிருக்கலாம்” என்பதற்கும் தடை. “மூணாவது மேசையில ரெண்டு பேரும் கேள்வியைப் படிக்காமலேயே வரைய ஆரம்பிச்சாங்க” என்று சொன்னால் போதும். ஏன் என்று நடத்தியவரே யோசிப்பார். தே ஓ (பாலில்லாத தேநீர்) ஆறுவதற்குள் பெரும்பாலும் அவருக்கே விடை கிடைத்துவிடும்.

“இதுக்கெல்லாம் நேரம் எங்கே?” என்று கேட்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள தோட்டப் பள்ளிகளில் ஒவ்வோர் ஆண்டு நிலைக்கும் ஒரே வகுப்பு, ஒரு பாடத்துக்குப் பல நேரம் ஒரே ஆசிரியர். ஒருவர் விடுப்பு எடுத்தாலே மற்றவர்களின் ஓய்வு வேளை அவர் வகுப்பைக் கவனிக்கும் ரிலீஃபுக்குப் போய்விடும். எங்களுக்குக் கைகொடுத்தவை சில. முழுப் பாடமும் உட்கார வேண்டாம், இருபது நிமிடம் போதும். மாதம் ஒருமுறை தலைமையாசிரியரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்கிறார் (அவருக்கும் பிள்ளைகளைப் பார்த்த மாதிரி ஆகிறது). ஆள் கிடைக்காதபோது கைப்பேசியை அலமாரி மேல் வைத்துப் பதிவு செய்து, மாலையில் இருவரும் பார்த்துவிட்டு அழித்துவிடுகிறோம். பிள்ளைகளின் முகம் பள்ளியைவிட்டு வெளியே போகக்கூடாது.

பாடம் வேறாக இருப்பதும் தடையில்லை. எனக்குத் தாள் கொடுத்தவர் அறிவியல் ஆசிரியை. கணிதம் நடத்துபவராக இருந்திருந்தால் என் பின்ன விளக்கத்தைத்தான் கவனித்திருப்பார். பிள்ளைகளைப் பார்த்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. வகுப்புசார் மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுவது நாம்தான். சன்னலோரப் பையனுக்கு அந்தப் பாடத்தில் 4 போடலாம் என்று இருந்தேன். மறுநாள் அவனைக் கூப்பிட்டு ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு பேசினோம். பாதி ரொட்டியே 2/5ஐவிடப் பெரியதாயிற்றே, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் எப்படிக் குறையும் என்று கேட்டேன். ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நொடிக்கு மேலேயே ஆனது. “அப்போ நான் போட்டது தப்பு டீச்சர்” என்றான். அந்த வாரம் அவனுக்கு நான் எந்த எண்ணும் போடவில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை நான் முதலாம் ஆண்டு வகுப்பில் உட்காரப் போகிறேன். இந்த ஆண்டுதான் வேலையில் சேர்ந்த இளம் ஆசிரியை அவர். ஆளைப் பார்த்தாலே ஒதுங்கிப் போனவர், போன வாரம் தானாகவே வந்து கேட்டார்: “டீச்சர், ஒரு பொண்ணு எழுதச் சொன்னா மட்டும் பென்சிலைத் தொலைச்சிடுறா. என்னைப் பாக்காதீங்க, அவளை மட்டும் பாருங்க.” பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்து வைத்திருக்கிறேன்.