கால்சியம் நார்மல், ஆனால் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது

இந்த மாதத்தில் இது நான்காவது. 72 வயது அம்மா. விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தார். மகள் கையில் மூன்று மாதத்துக்கு முந்தைய செக்கப் ஃபைல். "கால்சியம் நார்மல்னுதானே சார் வந்துச்சு?"

இன்னும் எத்தனை முறை சொல்வது? ரத்தத்தில் உள்ள கால்சியம் எலும்பின் வலுவைக் காட்டாது. உடம்பின் கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பைக் கரைத்து ஈடுகட்டிவிடும். எலும்பு வருஷக்கணக்காகத் தேய்ந்துகொண்டிருக்கும், ரிப்போர்ட்டில் 9.4 என்று அழகாக வரும். நகைகளை ஒவ்வொன்றாக அடகு வைத்துச் செலவுக்குப் பணம் வைத்திருப்பவரை வசதியானவர் என்போமா?

சிலர் சிடிஎக்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எலும்பு கரையும் வேகத்தை அது காட்டும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களுக்கு உதவும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்காவிட்டால் அதுவும் ஏமாற்றும். எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன்தான்.

சரி, விழுவாரா மாட்டாரா? அதற்குத் தொடைத் தசையின் வலுவைப் பாருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். 15 நொடிக்கு மேல் ஆனாலோ, கை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ அழைத்து வாருங்கள். அந்த அம்மா ஆறு மாதமாகவே கை ஊன்றித்தான் எழுந்தாராம். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

வைட்டமின் டி குறைந்தால் தசையும் தளரும், மாத்திரை அவசியம். ஆனால் எட்டு வாரத்துக்கு எழுதிய 60,000 யூனிட் மாத்திரையை, அதே சீட்டைக் காட்டி வருஷக்கணக்காக வாங்காதீர்கள். 70 வயதும் அதற்கு மேலும் ஆன ஆஸ்திரேலியப் பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள்.

பாத்ரூமில் கைப்பிடி போடுங்கள். ஈர மிதியடியை எடுத்துவிடுங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழுந்ததும் நடக்காமல் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்காரட்டும். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ரசம் சாதத்தோடு நிறுத்தாமல் முட்டையோ பருப்போ சுண்டலோ தினமும் கொடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து, "நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அவர் எழுந்து வந்து எடுக்கட்டும்.