மறுப்பது வேறு, களைவது வேறு

"பணமே வாங்கல, எல்லாம் பொய்னு சொல்லிட்டேன் சார்." கொடுத்த செக் வங்கியில் திரும்பியதால் வந்த வழக்கோடு, வக்கீலான என்னிடம் வருகிறவர்கள் பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சொன்னதோடு வேலை முடிந்தது என்று நம்புகிறார்கள்.

நன்னூலில் பவணந்தியார் எழுவகை மதம் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை. அதில் 'மறுத்தல்' இரண்டாவது. அதற்கு அடுத்தது, 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவே'. எதிராளி சொல்வதை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அது நிற்காது என்று காட்டி நீக்குவது. இரண்டையும் அவர் தனித்தனியாக வைத்ததன் அருமை, படிக்கிற வயதில் எனக்கு உறைக்கவில்லை. நீதிமன்றத்தில்தான் புரிந்தது.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139ஆம் பிரிவுப்படி, செக் கடனுக்காகத்தான் தரப்பட்டது என்று அனுமானித்தே நீதிமன்றம் தொடங்கும். வெறும் மறுப்பு அதை அசைக்காது, களைய வேண்டும். அதற்காக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்றும் இல்லை. நம் தரப்பு நடந்திருக்கக்கூடியதுதான் என்று காட்டினால் போதும், அதற்குப் புகார்தாரரின் ஆவணங்களையே பயன்படுத்தலாம் என்று 2010இல் ரங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், மூன்று லட்சம் கடனுக்கு நிரப்பாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். கடனை அடைத்தார், செக்கைத் திரும்ப வாங்கவில்லை. அதே செக் எட்டு லட்சத்துக்கு நிரப்பப்பட்டு, வங்கியில் திரும்பி, வக்கீல் நோட்டீஸ் வந்தது. "கையெழுத்தே என்னுது இல்லன்னு சொல்லிடலாமா?" என்றார். கூடவே கூடாது என்றேன். அது பொய், அந்தப் பொய் உடைந்தால் அவருடைய உண்மையும் சேர்ந்து உடையும். "ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான், கடனும் வாங்கினேன்" என்றே பதில் நோட்டீஸைத் தொடங்கினோம். அப்புறம் பணம் கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம். குறுக்கு விசாரணையில், எட்டு லட்சத்தை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், பணம் எங்கிருந்து வந்தது, வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா என்று கேட்டோம். எதிர்த்தரப்பிடம் பதில் இல்லை. அண்ணாச்சி விடுதலையானார்.

நோட்டீஸ் வந்தால் தயவுசெய்து வாங்கி வையுங்கள். பணம் செலுத்தச் சட்டம் தருவது 15 நாள். அதற்குள் பதிலும் போய்விட வேண்டும். ரங்கப்பா வழக்கில், பதில் அனுப்பாததே செக் கொடுத்த ரங்கப்பாவுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தப் பதிலில் எது உண்மை, எது இல்லை என்று வரி வரியாகப் பிரித்துச் சொல்லுங்கள். கடனை அடைக்கும் அன்றே, செக் எண்ணைக் குறித்து ரசீது வாங்கிக்கொண்டு, செக்கையும் கையோடு வாங்கிவிடுங்கள்.