தேங்காய் ஏன் நம்மைப் பார்க்கிறது?

குடுமியைப் பிய்த்த தேங்காயைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் அதில் ஒரு முகம் தெரியும். மேலே இரண்டு குழி, கீழே ஒன்று. மூன்றில் ஒன்றுதான் மெத்தென்றிருக்கும். முளை வெளியே வருவது அதன் வழியாகத்தான். இதெல்லாம் தெரிந்தவருக்கும் அது வாயைப் பிளந்து திகைத்துப்போன குட்டி முகமாகத்தான் படுகிறது. லாரியின் முன்பக்கம் முறைக்கிறது, பழைய வீட்டின் இரண்டு ஜன்னலும் ஒரு கதவும் கொட்டாவி விடுகின்றன. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால், பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இப்படி இல்லாத முகத்தைக் காண்பதற்கு பாரிடோலியா என்று பெயர். கண் கெட்டதற்கோ மனம் பிசகியதற்கோ இது அறிகுறி என்று யாரும் பயப்பட வேண்டாம். நன்றாக வேலை செய்யும் மூளைக்குத்தான் இது நடக்கிறது. நம் நகைச்சுவைக்கும் கலைக்கும் இதில் ஆழமான வேர் ஒன்று இருப்பதாக நான் நம்புகிறேன்.

மூளையின் அடிப்புறத்தில் ஃபியூசிஃபார்ம் மடிப்பு என்ற இடம் உண்டு. அதன் ஒரு பகுதி மற்றப் பொருள்களைக் காட்டிலும் முகங்களைப் பார்க்கும்போது மிக அதிகமாகத் தூண்டப்படுகிறது என்பதை மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் அவருடைய சகாக்களும் 1997-இல் விளக்கமாகக் காட்டினார்கள். வலப்பக்கத்தில் இது இன்னும் வலுவாக இருக்கும். இந்த வட்டாரத்தில் அடிபட்டால், பெற்ற பிள்ளையைக்கூட முகத்தை வைத்து அடையாளம் காண முடியாமல் போகலாம். குரலையும் நடையையும் வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டியிருக்கும். ஒரே ஒரு வேலைக்காக இவ்வளவு பெரிய ஏற்பாடு என்றால், மனிதக் கூட்டத்தில் முகம் எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த நாட்டம் பிறக்கும்போதே வந்துவிடுகிறது. பிறந்து சராசரியாக 9 நிமிடமே ஆன குழந்தைகளின் முன்னே முகம் வரைந்த அட்டையை மெல்ல நகர்த்தினார்கள். இது 1975-இல் வெளியான ஆய்வு. கண், மூக்கு, வாயை இடம் மாற்றி வரைந்த அட்டையைவிட முகம் போன்ற அட்டையைத்தான் குழந்தைகள் அதிக தூரம் தலையைத் திருப்பிப் பின்தொடர்ந்தன. அந்த வயதில் கண் தெளிவாகத் தெரியாது. மேல்பாதியில் கூடுதலாகவும் கீழே குறைவாகவும் கரும்புள்ளிகள் இருந்தால் அதுவே போதும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

நம் வீட்டுச் சுவரிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்க பிளக் பாயின்ட்டில் இரண்டு பிளவுகள் மேலே, உருண்டைத் துளை கீழே. அதனால் அங்கே அது திடுக்கிட்ட முகம் என்று எல்லோரும் படமெடுத்துச் சிரிப்பார்கள். நம் ஊர் மூன்று துளை பிளக் பாயின்ட்டில் எர்த் துளை மேலே இருக்கிறது, மற்ற இரண்டும் கீழே. முகம் தலைகீழாகிவிட்டது. தலைகீழான முகங்களை அடையாளம் காண நாம் எவ்வளவு தடுமாறுகிறோம் என்பதை உளவியல் ஆய்வாளர் ராபர்ட் யின் 1969-இல் காட்டியிருக்கிறார். நம் பிளக் பாயின்ட் தினமும் கண்முன் இருந்தும் அவ்வளவாக யாரையும் சிரிக்க வைக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதைப் படமெடுத்து, படத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள்.

மற்ற விலங்குகளுக்கு இந்த மயக்கம் உண்டா? ரீசஸ் குரங்குகளுக்கு உண்டு. முகம் போலத் தோன்றும் பொருள்களின் படங்களை அவை மற்றப் படங்களைவிட அதிக நேரம் பார்த்தன. அதிலும் கண்ணும் வாயும் போன்ற இடங்களையே நாடின. 2017-இல் வந்த இந்த ஆய்வைப் படித்தபோது, இது நம் கதை கேட்கும் பழக்கத்தால் வந்ததல்ல, அதைவிட மிகப் பழையது என்று எனக்கு உறைத்தது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் வார்டிலும் சகாக்களும் மூளையின் மெல்லிய காந்தப்புலத்தை மில்லி நொடிக் கணக்கில் அளந்து 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். போலி முகம் உள்ள பொருளைப் பார்த்த முதல் கணத்தில் மூளை அதை உண்மையான முகத்தோடு சேர்க்கிறது. பிறகு, பார்த்து கால் நொடி ஆவதற்குள், அதைச் சாதாரணப் பொருள்களின் வரிசைக்கு மாற்றிவிடுகிறது. முதலில் 'ஆள்!' என்கிறது, உடனே 'இல்லை, தேங்காய்' என்கிறது. ஆனால் திருத்தம் நடந்த பின்னும் முகம் மறைவதில்லை. தேங்காய் என்று தெரிகிறது, முகமும் தெரிகிறது.

ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு அர்த்தங்கள் ஒரே இடத்தில் மோதி, அந்த மோதலால் நமக்குத் தீங்கில்லை என்று புரியும்போது சிரிப்பு வருகிறது என்பது நகைச்சுவை பற்றிய பழைய விளக்கங்களில் ஒன்று. சிலேடை அப்படித்தான் வேலை செய்கிறது. முகம் காட்டும் தேங்காய் கண்ணுக்கான சிலேடை. வார்த்தையே இல்லாமல் கால் நொடியில் மூளை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் நகைச்சுவை அது.

இதைக் கல்லிலேயே செய்து காட்டியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில், 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில், ரிஷபகுஞ்சரம் என்ற சிற்பம் உள்ளது. எதிரெதிரே நிற்கும் காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. யானையின் உடலைக் கையால் மறைத்தால் அது காளை. காளையின் உடலை மறைத்தால் யானை. கையை எடுத்துவிட்டால் இரண்டும் மாறி மாறி வரும். 1892-இல் ஜெர்மன் நகைச்சுவை இதழ் ஒன்று வெளியிட்ட, வாத்தாகவும் முயலாகவும் மாறி மாறித் தெரியும் வாத்து-முயல் படத்தை உளவியல் பாடநூல்கள் இன்றும் அச்சிடுகின்றன. தாராசுரத்துச் சிற்பி ஏழு நூற்றாண்டுக்கு முன்பே அந்தச் சோதனையைச் செய்து முடித்துவிட்டார். அந்தப் பாடநூல்களில் இவருக்கும் ஒரு பக்கம் கிடைக்க வேண்டும்.

வாத்து-முயல் படத்தை வைத்து சுவிட்சர்லாந்தின் சூரிச் விலங்குக்காட்சிச் சாலை வாசலில் ஓர் ஆய்வு நடந்தது. ஈஸ்டர் நாளில் காட்டியபோது பெரும்பாலோர் முயல் என்றார்கள். அக்டோபரில் காட்டியபோது பெரும்பாலோர் பறவை என்றார்கள். ஈஸ்டர் என்றால் அங்கே முயல்தான். மனத்தில் எது தயாராக இருக்கிறதோ அதைத்தான் கண் முதலில் பிடிக்கிறது. நிலவில் உள்ள கருமை, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறைச் சமவெளி. அதில் ஜப்பானியக் குழந்தைக்கு மாவு இடிக்கும் முயல் தெரிகிறது, நம் குழந்தைக்கு வடை சுடும் பாட்டி தெரிகிறாள்.

எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் போகும்? டொரன்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் சகாக்களும் வெறும் புள்ளிக் கலவையான படங்களைக் காட்டி, இவற்றில் பாதியில் முகம் இருக்கிறது என்று சொல்லி வைத்தார்கள். ஒன்றிலும் முகம் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை முகம் தெரிந்ததாகப் பதில் வந்தது, அப்போதெல்லாம் மூளையின் வலப்பக்கத்தில் முகங்களுக்கான அந்தப் பகுதியும் தூண்டப்பட்டது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2014-இல் இதற்குக் கிடைத்தது. மிகப் பொருத்தமான தேர்வு.

ஓவியர்கள் இதை வெகுகாலமாகப் பயிற்சியாகவே செய்துவருகிறார்கள். கறை படிந்த சுவரையும் பல நிறக் கற்களையும் உற்றுப் பாருங்கள், மலையும் ஆறும் போர்க்களமும் விசித்திர முகங்களும் தெரியும் என்று லியொனார்டோ டா வின்சி எழுதி வைத்தார். மணியோசைக்குள் நினைத்த பெயரையெல்லாம் கேட்பது போலத்தான் இதுவும் என்றார். பிக்காசோ 1942-இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்தார்; காளைத் தலை வந்துவிட்டது. அதைப் பார்ப்பவருக்குக் காளை தெரிந்துகொண்டே இருக்கும், சைக்கிளும் ஒரு கணம்கூட மறையாது. அந்தச் சிற்பத்தின் குறும்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம். மழை ஊறிய சுவரையோ மரப்பலகையின் ரேகையையோ கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். கண்ணைச் சுருக்கும்போது நுணுக்கமான விவரங்கள் மங்கி, பெரிய வெளிச்சத் திட்டுகளும் நிழல் திட்டுகளும் மட்டும் மிஞ்சுகின்றன. முகத்தை முதலில் ஊகிக்க மூளைக்கு அவைதான் வேண்டும். 1976-இல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் எடுத்த படத்தில் ஒரு குன்று மனித முகமாகத் தெரிந்ததும் இதனால்தான்: தாழ்ந்த சூரியன், நீண்ட நிழல், தெளிவு குறைந்த கேமரா. 2001-இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் பல மடங்கு தெளிவாக எடுத்தபோது அங்கே அரிப்பு கண்ட பாறைக்குன்றுதான் இருந்தது. எனவே, சுவரில் முகம் தெரிந்ததும் கிட்டே போய்விடாதீர்கள். எட்ட நின்றபடியே பென்சிலை எடுத்து அதன் ஓரங்களை வரைந்துகொள்ளுங்கள்.